பாட்டும் கூத்தும் படிப்புதான்

(கந்தளாயில் நடைபெற்ற தொழிலாளர் குடும்ப ஒன்றுகூடலில் எமது சங்கத்தின் கல்விக் குழு சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை. அன்று வர முடியாமற்போன தோழர்களுக்காக இங்கே தருகிறோம்.)

அன்பான தோழர்களே, தாய்மார்களே, பெரியவர்களே, முன்னால் பாயில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளே,

மலையகத் தோட்டங்களிலிருந்து இரவு முழுக்க பஸ்ஸில் வந்தவர்களும், கந்தளாயிலேயே வாழும் குடும்பங்களும் இன்று ஒரே பந்தலின் கீழ் இருக்கிறோம். சமைத்துப் பரிமாறிய கந்தளாய்த் தாய்மார்களுக்கு முதலில் நன்றி.

சங்கக் கூட்டம் என்றால் சம்பளம் பேசுவோம், வீடு பேசுவோம், காணி பேசுவோம், ஊழியர் சேமலாப நிதி பேசுவோம். இன்று கலைக் கல்வியைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று அறிவித்ததும் ஒரு தோழர் எழுந்து, "வயிற்றுப்பாட்டுக்கே வழியைக் காணோம், இதில் பாட்டும் படமும் எதற்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியில் கோபப்பட ஒன்றுமில்லை. எங்களில் பலருடைய மனதிலும் இருக்கும் கேள்விதான் அது. அதற்குப் பதில் சொல்லவே நிற்கிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். பாட்டு சம்பளத்தைக் கூட்டாது. சித்திரம் லயத்துக் கூரையின் ஒழுக்கை அடைக்காது. அப்படி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு உரிய ஒன்று அவர்களுக்குக் கிடைக்காமல் போகிறது. அது கிடைக்காமல் போவதே எங்களுக்குத் தெரியாமல் இருக்கிறது. தெரியாத இழப்பை எந்தச் சங்கமும் கேட்டு வாங்க முடியாது. அதனால்தான் இந்தப் பேச்சு.

ஒரு பிள்ளையின் கதை

எங்கள் சங்கக் குடும்பம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறோம். பிள்ளையின் பெயரும் பாடசாலையின் பெயரும் வேண்டாம். எத்தனையோ வீடுகளில் நடந்த கதைதான்.

அந்தப் பெண்பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்தே ஆட்டம் என்றால் உயிர். தரம் 6இல் அழகியல் பாடம் ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னபோது நடனம் என்று எழுதிக் கொடுத்தாள். பாடசாலையில் நடன ஆசிரியர் இல்லை. வருவார் என்றார்கள். நேர அட்டவணையில் நடனம் என்று எழுதியிருக்கும். அந்த நேரத்தில் பிள்ளைகள் சத்தம் போடாமல் உட்கார்ந்திருப்பார்கள், அல்லது வேறு பாடம் நடக்கும். இரண்டு வருடம் இப்படியே போனது. பிறகு எல்லோரையும் சித்திரத்துக்கு மாற்றினார்கள். சித்திரத்துக்கும் ஆசிரியர் இல்லை. சாதாரண தரப் பரீட்சையில் மற்றப் பாடங்களில் ஓரளவு செய்தவள், சித்திரத்தில் சித்தியடையவில்லை.

அந்தத் தாய் எங்களிடம் சொன்னார், "என் மகளுக்கு அந்தப் பாடம் வரவில்லை" என்று. நாங்கள் சொன்னோம், "அக்கா, பிள்ளைக்குப் பாடம் வராமல் இல்லை. பிள்ளைக்கு ஆசிரியர்தான் வரவில்லை."

இதில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பெற்றோர் கணக்குப் பார்க்க வேண்டும். இன்றுள்ள முறையில் க.பொ.த. சாதாரண தரத்துக்குப் பிள்ளை 9 பாடங்கள் எடுக்கிறது. 6 பாடங்கள் கட்டாயம். மற்ற 3 பாடங்கள் மூன்று தொகுதிகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பவை. அதில் ஒரு தொகுதியில்தான் சங்கீதம், நடனம், சித்திரம், நாடகமும் அரங்கியலும், இலக்கியம் எல்லாம் வருகின்றன. தரம் 6இலிருந்து 9 வரை அழகியல் கட்டாய பாடம். ஆகவே இது விளையாட்டுக்கு வைத்த பாடம் இல்லை. பெறுபேற்றுத் தாளில் கணக்குக்கும் விஞ்ஞானத்துக்கும் எப்படி ஓர் எழுத்து விழுகிறதோ அப்படியே இதற்கும் ஓர் எழுத்து விழுகிறது. உயர்தரம் போகத் தேவையான சித்திகளை எண்ணும்போது இதுவும் எண்ணப்படுகிறது. நடனத்துக்கும் சங்கீதத்துக்கும் நாடகத்துக்கும் எழுத்துப் பரீட்சையோடு செயன்முறைப் பரீட்சையும் உண்டு. கொப்பியைப் பார்த்து மனப்பாடம் செய்து அதை எழுத முடியாது. சொல்லித்தர ஆள் வேண்டும்.

நகரத்துப் பிள்ளைக்கு ஒன்பதில் ஒன்பதும் சொல்லித்தரப்படுகிறது. தோட்டத்துப் பிள்ளை எட்டுப் பாடத்தோடு பரீட்சை மண்டபத்துக்குப் போகிறது. ஓட்டப் பந்தயத்தில் ஒரு பிள்ளையைப் பத்து அடி பின்னால் நிறுத்திவிட்டு, ஓடத் தெரியவில்லை என்று சொல்வது போலத்தான் இது.

நாங்கள் கலை தெரியாத மக்களா?

தோட்டப் பாடசாலையின் வரலாறு உங்களுக்குத் தெரியும். 1945இல் இந்த நாட்டில் இலவசக் கல்வி வந்தது. ஆனால் தோட்டத்துப் பிள்ளைகள் நெடுங்காலம் அந்த வாசலுக்கு வெளியேதான் நின்றார்கள். ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு. கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும் என்பதுதான் அன்றைய எண்ணம். 1970களில் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கிய பிறகே நிலைமை மெல்ல மாறியது. அந்த ஒற்றை அறைப் பாடசாலையில் பாட்டும் இல்லை, படமும் இல்லை.

ஆனால் பாடசாலையில் இல்லாதது லயத்து வாசலில் இருந்தது. மாசி மாதம் காமன் ஊன்றினால், அது எரிக்கப்படும் இரவு வரை தோட்டமே ஒரு பாடசாலையாகிவிடும். மன்மதனும் ரதியும் சிவனும் எமனும் வீரபத்திரனும் வருவார்கள். பகலில் மலையில் கவ்வாத்து வெட்டிய ஆள் இரவில் சிவனாக நிற்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நூற்றுக்கணக்கான வரிகளை நெஞ்சில் வைத்திருப்பார்கள். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு என்று வேறு கூத்துகளும் உண்டு.

அங்கே பிள்ளைகள் என்னென்ன படித்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தப்பின் அடியைக் கேட்டுக் காலை வைப்பது தாளம். தாளம் என்பது எண்ணிக்கை. அடுத்தவர் பாடி முடிக்கும்வரை காத்திருந்து தன் இடத்தைப் பிடிப்பது ஒழுங்கு. தோட்டம் முழுக்கக் காசு சேர்த்துச் செலவுக் கணக்கை எல்லோருக்கும் முன்னால் சொல்வது நிர்வாகம். ஆயிரம் பேர் பார்க்கக் குரல் நடுங்காமல் நிற்பது துணிச்சல். சங்கத் தலைவருக்கு வேண்டிய குணங்கள் எல்லாம் இவைதானே? எங்கள் பழைய தோட்டத் தலைவர்கள் பலர் கூத்தில் வேஷம் கட்டியவர்கள் என்பதை இங்கே இருக்கும் பெரியவர்கள் சொல்வார்கள்.

சங்கம் பாட்டோடு பிறந்தது

இன்னொன்றையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். மலையகத்தில் தொழிற்சங்கம் உருவானதில் பாட்டுக்கும் பங்குண்டு.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த கோ. நடேசய்யர், தோட்டங்களுக்குள் வெளியாள் நுழைய முடியாத காலத்தில் புடவை வியாபாரி போல நுழைந்து தொழிலாளரின் நிலையைப் பார்த்தவர். பத்திரிகை நடத்தினார், சட்டசபையில் பேசினார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கான சம்மேளனத்தை அமைத்தார். அவர் துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடினார். தொழிலாளரின் நிலைமையைப் பாட்டுகளாக எழுதி 1940இல் புத்தகமாகவும் வெளியிட்டார்.

ஏன் பாட்டு? அன்றைய தொழிலாளரில் பெரும்பாலானோருக்கு எழுத்துத் தெரியாது. துண்டுப் பிரசுரம் கொடுத்தால் வாசிக்க ஆளில்லை. ஒரு மணி நேரப் பேச்சு மறுநாள் பிரட்டுக்கு முன்னால் மறந்துபோகும். ஆனால் ஒரு பாட்டைக் கேட்ட பெண், கொழுந்து எடுக்கும்போது அதை முணுமுணுப்பாள். பக்கத்து நிரையில் இருப்பவள் கேட்பாள். கங்காணிக்குத் தெரியாமலே செய்தி மலை முழுக்கப் போய்விடும். பெண்கள் மேடையேறுவதே அரிதாக இருந்த நாளில் ஒரு பெண் மேடையில் நின்று தொழிலாளருக்காகப் பாடினார் என்பதை எங்கள் பெண்பிள்ளைகள் மறக்கக் கூடாது.

பிறகு வந்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. தோட்டத்தில் பிறந்தவர். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர். வாழ்நாள் முழுக்கத் தொழிற்சங்கத்தில் உழைத்தவர். அவரேதான் தோட்டம் தோட்டமாகக் கேட்டு எங்கள் மக்களின் நாட்டுப் பாடல்களைத் திரட்டினார். தாலாட்டையும் ஒப்பாரியையும் கொழுந்துப் பாட்டையும் அவர் திரட்டியிராவிட்டால், எங்கள் பாட்டிமார் என்ன நினைத்து வாழ்ந்தார்கள் என்பதற்கு துரைமாரின் கணக்குப் புத்தகம் மட்டுமே மிஞ்சியிருக்கும். அந்தப் புத்தகத்தில் பெயர் இருக்கும், நாள் இருக்கும், றாத்தல் இருக்கும். மனம் இருக்காது.

ஆகவே, சங்கத்துக்கும் கலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு எங்கள் பதில் இதுதான்: எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் இரண்டையும் பிரித்து வைக்கவில்லை.

விஞ்ஞானத்துக்கு எதிரி இல்லை

சில பெற்றோர் சொல்வார்கள், "என் பிள்ளை கணக்கும் விஞ்ஞானமும் படித்து முன்னுக்கு வரட்டும், ஆட்டம் பாட்டம் வேண்டாம்" என்று. ஆசை நல்லதுதான். ஆனால் ஒன்று மற்றதைக் கெடுக்கும் என்பது சரியில்லை.

இந்தத் திருகோணமலை மாவட்டத்துக்கே நன்கு தெரிந்த ஒருவரைச் சொல்கிறோம். சுவாமி விபுலாநந்தர். திருகோணமலை இந்துக் கல்லூரிக்கு அதிபராக இருந்தவர். அவர் விஞ்ஞானப் பட்டதாரி. அவர்தான் பழந்தமிழரின் யாழைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்து 1947இல் யாழ் நூலைத் தந்தார். நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள உறவைக் கணக்குப் போட்டுத்தான் அந்த நூலை எழுதினார். கணக்குத் தெரிந்ததால் இசை விளங்கியது. இசைமீது ஆசை இருந்ததால் கணக்கு உயிர் பெற்றது.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். கோலம் போடும் பாட்டியைக் கவனியுங்கள். புள்ளி எத்தனை, வரிசை எத்தனை, எந்தப் பக்கம் திருப்பினால் ஒத்து வரும் என்று தாளில் எழுதாமலே தெரிந்து வைத்திருக்கிறார். அது கணிதம் இல்லாமல் வேறென்ன?

வயது ஒரு தடை இல்லை

இதுவரை பிள்ளைகளைப் பற்றியே பேசினோம். ஆனால் கற்பது பிள்ளைகளுக்கு மட்டும் உரியதில்லை.

எங்கள் தாய்மார் விடியற்காலை நான்கு மணிக்கு எழும்புகிறார்கள். சமையல், பிள்ளை, மலை, மறுபடி சமையல். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் கை சும்மா இருக்கிறது. பலருக்கு அந்த ஓய்வே நோயாகிவிடுகிறது. ஓய்வு பெற்ற ஆண்கள் சிலருக்குப் பொழுது போக சாராயக் கடைதான் இருக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் 3,000க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. பாடுவதும் ஆடுவதும் வரைவதும் கைவேலை செய்வதும், சின்னப் பிள்ளையிலிருந்து முதியவர் வரை, உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் துணை செய்கின்றன என்பதுதான் அதன் சாரம். மருந்துக்குப் பதிலாக என்று சொல்லவில்லை. மருந்தோடு சேர்த்து என்றுதான் சொல்கிறது.

தொழிலாளர் இயக்கங்கள் இதை முன்னரே கண்டுகொண்டன. சுவீடனில் தொழிலாளர் இயக்கம் 1912இல் தனக்கென்று ஒரு கல்விச் சங்கத்தைத் தொடங்கியது. வேலை முடிந்து மாலையில் சிலர் கூடுவார்கள். ஒருவர் சொல்லித்தர மற்றவர்கள் கேட்பது என்றில்லாமல், சேர்ந்து வாசிப்பார்கள், சேர்ந்து பாடுவார்கள், சேர்ந்து பேசுவார்கள். நூறு வருடத்துக்கு மேலாக அது நடக்கிறது. அதே சுவீடன் நாடுதான் 1980களில் எங்கள் தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டடம் கட்டவும் ஆசிரியரைப் பயிற்றவும் உதவியது. கட்டடத்தை ஏற்றுக்கொண்டோம். அந்த மாலைக் கூட்டத்தையும் நாங்கள் எடுத்துக்கொள்ளலாம். அதற்கு வெளிநாட்டுக் காசு தேவையில்லை.

மேற்கு வங்காளத்தில் சுந்தரவனப் பக்கம் விவசாயக் கூலித் தொழிலாளர் நடுவில் 1985இலிருந்து ஜன சன்ஸ்கிருதி என்ற நாடக இயக்கம் வேலை செய்கிறது. அவர்கள் நாடகத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு குடும்பத்தில் நடக்கும் கொடுமையை நடித்துக் காட்டுவார்கள். பாதியில் நிறுத்திவிட்டு, "இந்த இடத்தில் நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?" என்று பார்ப்பவரைக் கேட்பார்கள். பார்த்துக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்து தானே அந்த இடத்தில் நடித்துக் காட்டுவாள்.

இதை எங்கள் தோட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். றாத்தலைக் குறைத்து எழுதும்போது என்ன பேசுவது, துரையின் கந்தோரில் எப்படி நிற்பது, குடித்துவிட்டு வரும் கணவனிடம் என்ன சொல்வது என்று எங்கள் பெண்களுக்கு மனதில் எத்தனையோ பதில்கள் உண்டு. வாய்க்கு வராது. அந்த நேரத்தில் நா உலர்ந்துவிடும். தோழர்களுக்கு முன்னால் ஒரு முறை நடித்துப் பார்த்தவளுக்கு இரண்டாம் முறை உண்மையிலேயே பேச வரும். இது பொழுதுபோக்கு மட்டுமல்ல, சங்கப் பயிற்சியும்தான்.

எங்கள் பக்கத்துக் குற்றம்

கோரிக்கை வைப்பதற்கு முன்னால் எங்களையும் நாங்களே கேட்டுக்கொள்ள வேண்டும்.

காமன் கூத்தில் ரதி வேஷத்தை இவ்வளவு காலமும் ஆண்களே கட்டினார்கள். பெண்பிள்ளைகள் பார்வையாளர் வரிசையில் இருந்தார்கள். இன்று பெண்பிள்ளை ஆட ஆசைப்பட்டால், "பொம்பிளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பது வெளியாள் இல்லை, நாங்கள்தான்.

தப்பு இல்லாமல் எங்கள் கல்யாணமும் இல்லை, திருவிழாவும் இல்லை, சாவும் இல்லை. ஆனால் தப்பு அடித்தவரைத் திண்ணையில் உட்கார வைத்தோமா? அவர் கையின் வித்தையை எடுத்துக்கொண்டு அவரைத் தள்ளி வைத்தோம். தன் மகன் தப்பைத் தொடக் கூடாது என்று அவர் நினைத்தால் அது அவர் குற்றமில்லை. தப்பைப் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்றால், தப்புக்காரருக்கு முதலில் ஆசிரியருக்குரிய மரியாதை கொடுக்க வேண்டும்.

இதற்கு வழிகாட்டியும் உண்டு. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்புக் கிராமத்திலிருந்து கூத்து அண்ணாவியாரை வரவழைத்து மாணவர்களுக்குப் பழக்கினார். கிராமத்தில் களரியில் நின்றவர், பல்கலைக்கழக மாணவருக்கு ஆசான் ஆனார். அங்கே பழகிய மாணவர்கள் பின்னாளில் பேராசிரியர்களாகி அடுத்த தலைமுறைக்குக் கற்பித்தார்கள். அந்த மரியாதையை எங்கள் கூத்து வாத்தியாருக்கும் தப்புக்காரருக்கும் நாங்கள் ஏன் கொடுக்கக் கூடாது?

இன்னொரு குற்றம் காசு. பாடசாலை விழா வந்தால் நடன உடுப்பு, சலங்கை, ஒப்பனை என்று காசு கேட்கிறார்கள். கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை தானாகவே விலகிக்கொள்கிறது. "எனக்கு விருப்பமில்லை அம்மா" என்று சொல்லும். அந்தச் சொல்லை நம்பாதீர்கள்.

கந்தளாய் சொல்லும் பாடம்

இந்த ஊரில் நின்று பேசும்போது குளத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கந்தளாய்க் குளத்தில் தண்ணீர் நிறைந்திருந்தால் மட்டும் வயல் விளையாது. வாய்க்கால் வேண்டும். திருகோணமலை நகரத்துக்குக் குடிதண்ணீர் இங்கிருந்துதான் போகிறது. குழாய் இல்லாவிட்டால் போகுமா? எங்கள் பெரியவர்கள் குளம் போல இருக்கிறார்கள். பாட்டு இருக்கிறது, அடவு இருக்கிறது, கதை இருக்கிறது. பிள்ளைகளுக்கு வந்துசேர வாய்க்கால் இல்லை.

1986 ஏப்ரல் 20ஆம் திகதி விடிவதற்கு முன்னால் இந்தக் குளத்தின் அணைக்கட்டு உடைந்தது. அந்த இரவைக் கண்டவர்கள் இந்தப் பந்தலில் இருக்கிறார்கள். கரும்புத் தோட்டத்திலும் சீனித் தொழிற்சாலையிலும் வேலை செய்தவர்களும் இருக்கிறார்கள். தொழிற்சாலை 1993இல் மூடப்பட்டது. கரும்பு வெட்டும் கத்தியை எப்படிப் பிடிப்பது, ஆலைச் சங்கு எத்தனை மணிக்கு ஊதும் என்றெல்லாம் அவர்களுக்குத் தெரியும். பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு பிள்ளை தாத்தாவுக்கு முன்னால் உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல அதைப் படமாக வரையட்டும். பிள்ளைக்குச் சித்திரப் பாடம் நடக்கும். தாத்தாவுக்குச் சொல்ல ஓர் ஆள் கிடைக்கும். ஊருக்கு வரலாறு மிஞ்சும். ஒரு தாளும் ஒரு பென்சிலும்தான் செலவு.

இன்னொரு நன்மையும் உண்டு. இந்த ஊரில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் வாழ்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பேச மொழி தடையாக இருக்கலாம். ஒரே தாளில் சேர்ந்து படம் வரைய, ஒரே தாளத்துக்குக் கை தட்ட மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. எத்தனையோ இழப்பைக் கண்ட மண் இது. பிள்ளைகள் சேர்ந்து இருக்கும் இடங்களை நாங்கள்தான் கூட்ட வேண்டும்.

என்ன செய்யப் போகிறோம்?

பேச்சோடு முடிந்தால் இதுவும் பழைய கூட்டம் போலத்தான். ஆகவே வேலையைப் பிரித்துக்கொள்வோம்.

முதலாவது, பெற்றோர் இந்தத் தவணையிலேயே பிள்ளையின் நேர அட்டவணையைக் கேட்டுப் பாருங்கள். அழகியல் பாடம் என்ன, ஆசிரியர் இருக்கிறாரா, எத்தனை நாள் பாடம் நடந்தது என்று எழுதி வையுங்கள். "ஆசிரியர் இல்லை" என்று வாயால் சொன்னால் காற்றோடு போகும். எந்தத் திகதியிலிருந்து இல்லை என்று எழுதிக் கொடுத்தால் பதில் சொல்ல வேண்டி வரும்.

இரண்டாவது, அதைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் வையுங்கள். அதிபரோடு சண்டைக்குப் போக வேண்டாம். பல இடங்களில் அதிபரும் கேட்டுக் கேட்டு அலுத்துப் போனவர்தான். அவரோடு சேர்ந்து வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுவோம். கிளைகள் அனுப்பும் விபரங்களைத் திரட்டி மேலே கொண்டுபோவது சங்கத்தின் வேலை. நாங்கள் பிச்சை கேட்கவில்லை. 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனத்தின் 27ஆவது உறுப்புரை, கலைகளைத் துய்ப்பது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 31ஆவது உறுப்புரை, பிள்ளைக்கு ஓய்வும் விளையாட்டும் கலையும் உரிமை என்கிறது. இலங்கை அதை 1991இல் ஏற்றுக்கொண்டது.

மூன்றாவது, ஒவ்வொரு கிளையும் வாரத்தில் ஒரு மாலையை ஒதுக்கட்டும். சனசமூக நிலையமோ, கோயில் மண்டபமோ, பிள்ளைப் பராமரிப்பு நிலையத்துத் திண்ணையோ போதும். பாட்டுத் தெரிந்தவர் பாட்டு, கோலம் தெரிந்தவர் கோலம், பாய் இழைக்கத் தெரிந்தவர் பாய். ஆறு வயதும் வரலாம், அறுபது வயதும் வரலாம். ஒருவர் சொல்லித்தந்தால், அடுத்த வாரம் அவர் இன்னொருவரிடம் படிக்கட்டும். பாட்டிமார் பாடும் பழைய பாட்டுகளைப் பிள்ளைகள் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து, கொப்பியிலும் எழுதி வைக்கட்டும்.

நான்காவது, விழா என்றால் எல்லாப் பிள்ளையும் ஏறக்கூடிய விழாவாக இருக்கட்டும். வீட்டில் இருக்கும் சுத்தமான உடுப்போடு ஆடினால் ஆட்டம் குறைந்துவிடாது.

ஐந்தாவது, தொடர்ந்து படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு வழியைச் சொல்லுங்கள். உயர்தரக் கலைப் பிரிவில் சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் பாடங்களாக உண்டு. அதற்கு மேல், மட்டக்களப்பு கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் நுண்கலைக் கல்வி இருக்கிறது. கல்வியியற் கல்லூரிகளில் அழகியல் பாட ஆசிரியராகப் பயிற்சி பெறலாம். தோட்டத்துப் பிள்ளை ஒன்று படித்துச் சித்திர ஆசிரியராகவோ நடன ஆசிரியராகவோ திரும்பி வந்தால், நாம் முதலில் சொன்ன அந்தப் பெண்பிள்ளையின் கதை அந்தப் பாடசாலையில் மறுபடி நடக்காது.

அந்தப் பிள்ளையைப் பற்றிக் கடைசியாக ஒரு வார்த்தை. அவள் மறுபடி பரீட்சை எழுதினாள். இந்த முறை பக்கத்து ஊரில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் சனிக்கிழமைகளில் காசு வாங்காமல் சித்திரம் சொல்லிக்கொடுத்தார். சித்தியடைந்தாள். இன்று காலை இந்தப் பந்தலின் வாசலில் இருந்த கோலத்தைப் பார்த்தீர்களா? அது அவளும் சின்னப் பிள்ளைகளும் சேர்ந்து போட்டது. புள்ளிக் கணக்கை அவள் சொல்லிக்கொடுத்தாள்.

ஒரு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் சனிக்கிழமை வந்தால் இவ்வளவு முடிகிறது. எல்லாப் பிள்ளைக்கும் எல்லா வாரமும் ஆசிரியர் வர வேண்டும் என்று கேட்பதுதான் சங்கத்தின் வேலை. அதுவரை சும்மா இராமல், தெரிந்ததைத் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுப்பது எங்கள் எல்லோரின் வேலை.

சாப்பாடு தயாராகிவிட்டது என்று உள்ளேயிருந்து சைகை காட்டுகிறார்கள். சாப்பிட்ட பிறகு யாரும் உடனே பஸ்ஸுக்கு ஓட வேண்டாம். பெரியவர் ஒருவர் தப்பைக் கொண்டுவந்திருக்கிறார். பிள்ளைகள் அவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். பெரியவர்கள் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்காருங்கள். முதல் வகுப்பை இன்றைக்கே தொடங்கிவிடுவோம்.